பூட்டு கெட்டதா, பீரோ கெட்டதா?

நான் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபதுகளில், என் தலையில் கட்டப்பட்ட முதல் பொறுப்பு டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். நாற்காலி, மேஜை, மின்விசிறி, தட்டச்சுப் பொறி என்று அலுவலகத்தில் இருக்கிற எல்லாச் சாமான்களுக்கும் அதில் ஆளுக்கொரு வரி இருக்கும். ஒரு சாமானைக் கழித்துக்கட்ட, அதாவது அலுவலக பாஷையில் 'கண்டெம்' பண்ண, அவ்வளவு சுலபத்தில் முடியாது. எப்போது வாங்கியது, என்ன விலை, எதனால் கெட்டது, பழுது பார்க்க என்ன செலவாகும் என்று நோட் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அதிகாரிகள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது ஏலத்துக்குப் போகும்.

நான் போட்ட முதல் நோட்டே ஒரு இரும்பு பீரோவைப் பற்றியது. 'திறக்க முடியவில்லை, உபயோகத்திற்கு லாயக்கற்றது' என்று எழுதி சூப்பிரண்டு முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பூட்டு கெட்டதா, பீரோ கெட்டதா?"

"பூட்டுதான் சார்."

"அப்ப பூட்டுக்காரனைக் கூப்பிடு. பீரோவை எதுக்குச் சாகடிக்கிற?"

பூட்டுக்காரர் வந்தார், அரை மணி நேரத்தில் பூட்டை மாற்றினார். நான் ஓய்வுபெற்ற நாளன்று அந்த பீரோ அதே மூலையில்தான் நின்றுகொண்டிருந்தது.

சென்ற மழைக்காலத்தில் இந்தக் கேள்வி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது, ஒரு சின்ன மடிக்கணினியால்.

2016-ல் விடுமுறைக்கு பிரான்சிலிருந்து வந்த என் மகள், அவள் அம்மாவுக்காக இங்கே புதுச்சேரியிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது அது. பதினொன்றரை அங்குலத் திரை, ஏறக்குறைய ஒரு கிலோ எடை, நினைவகம் 2 ஜிபி, சேமிப்பு இடம் 32 ஜிபி. பேரனை வாரம் ஒரு முறை அதில் பார்த்துப் பேசுவதற்காகவே என் மனைவி கணினி கற்றுக்கொண்டாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'சின்னப் பெட்டி'. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதன் பிறகு பென்ஷன் கணக்கு பார்க்கவும், இந்த மாதிரி நான் எதையாவது எழுதவும் சின்னப் பெட்டிதான் துணை.

இரண்டு வருஷமாக அது தள்ளாட ஆரம்பித்தது. விசையை அழுத்திவிட்டு காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரை வரும். புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று அதுவே சொல்லும். சரி என்றால், அதற்கு இடம் போதாது என்றும் அதுவே சொல்லும். இருந்த 32 ஜிபியில் பெரும்பகுதியை அதோடு கூட வந்த இயங்குதளமே பிடித்துக்கொண்டிருந்தது. வாடகைக்கு வந்தவர் வீடு முழுக்கச் சாமானைப் பரப்பிவிட்டு, உங்களுக்கு இடமில்லை என்று வீட்டுக்காரரிடமே சொல்வது போல.

கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"ஐயா, இதுல புதுசு எதுவும் ஏறாது. உங்களுக்காக எக்ஸ்சேஞ்சுல 700 ரூபா போட்டுக்கிறேன். புதுசு 32 ஆயிரத்துல இருந்து இருக்கு."

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, கூடவே நிறுவனத்தின் பட்டியலில் உள்ள செயலி எல்லாம் வேண்டும். சின்னப் பெட்டி எந்தப் பரீட்சையிலும் தேறாது.

ஆனால் விசைப்பலகை ஒவ்வொரு எழுத்தையும் போடுகிறது. திரையில் ஒரு கீறல் இல்லை. மின்கலம் மூன்று மணி நேரம் தாங்குகிறது. பிறகு எது கெட்டது? பூட்டா, பீரோவா?

அன்று இரவு மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "தூக்கிப் போடுங்கப்பா, நான் புதுசு வாங்கித் தர்றேன்" என்றாள். பின்னாலிருந்து பேரன் குரல் கேட்டது. "தாத்தா, லினக்ஸ் போட்டுப் பாருங்க. பென்டிரைவ்லயே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா எடுத்துடலாம்."

லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கிய இயங்குதளக் கரு அது. அதற்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்து, உலகம் முழுக்கப் பலர் கைபட்டு வளர்ந்தது இன்றைய லினக்ஸ். நாம் கையில் வைத்திருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அந்தக் கருதான். ஆக, நம்மில் பலர் தெரியாமலேயே தினமும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இங்கே என் பிரெஞ்சுப் படிப்பு ஒரு விஷயத்தைச் சட்டென்று விளங்க வைத்தது. இந்த மென்பொருளை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்கிறார்கள். ஓசியா, சுதந்திரமா என்று கேட்பவருக்குக் குழப்பம். பிரெஞ்சில் குழப்பமே கிடையாது. காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி', கட்டுப்பாடு இல்லாதது 'லிப்ர்'. லினக்ஸை 'லொஜிசியேல் லிப்ர்' என்பார்கள். நம் தமிழிலும் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. விலை இல்லை என்பது சின்ன விஷயம். இதை எத்தனை கணினியில் போடலாம், யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

லினக்ஸில் பல ரகங்கள் உண்டு. பலவீனமான கணினிக்கு லுபுண்டு என்ற இலகு ரகம் ஏற்றது என்று படித்தேன். 24.04 என்ற பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எண் 2024 ஏப்ரலில் வெளியானதைக் குறிக்கும், மூன்று வருஷம் பராமரிப்பு உண்டு. பிறகு அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார். அவர் வீட்டு மேசைக் கணினியில் இறக்கினோம். 'ஐஎஸ்ஓ' என்ற ஒரே கோப்பு, சுமார் 3 ஜிபி. அதற்குள் முதல் காரியமாகச் சின்னப் பெட்டியில் இருந்ததையெல்லாம் நகல் எடுத்தேன். பேரனின் படங்கள், என் மனைவி தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்த சமையல் குறிப்புகள், எல்லாம். அலுவலக வழக்கப்படி ஒன்றுக்கு இரண்டு நகல், இரண்டு பென்டிரைவில். அவற்றின் தலையில் சிவப்பு நாடா கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சிவப்பு நாடாவை எல்லோரும் திட்டுவார்கள். அன்று அதுதான் காப்பாற்றியது. ஏனென்றால் அடுத்து நாங்கள் எடுக்கப்போகும் பென்டிரைவில் இருப்பதெல்லாம் துடைத்துப் போட்டதாகிவிடும். எது எது என்று குழம்பக் கூடாது.

முதல் தப்பு உடனே நடந்தது. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்துச் செருகினேன். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. தபாலில் வந்த உறையைப் பிரிக்காமலே கோப்பில் வைத்துவிட்டு, ஏன் நடவடிக்கை இல்லை என்று கேட்பது போன்ற காரியம் அது. அந்த ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் முறைப்படி எழுதுவதற்கென்றே ரூஃபஸ் என்ற சிறிய நிரல் இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் பென்டிரைவையும் கோப்பையும் காட்டி 'ஸ்டார்ட்' கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் முடிந்தது. 8 ஜிபி பென்டிரைவ் தாராளம்.

கணினியைப் போட்டவுடன் அது முதலில் தன் வயிற்றுக்குள் இருக்கும் வட்டைத்தான் பார்க்கும். பென்டிரைவைப் பார் என்று சொல்ல, தொடங்கும்போதே ஒரு குறிப்பிட்ட விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது கணினிக்குக் கணினி மாறும். எஃப்2, எஃப்9, எஃப்12, எஸ்கேப் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இன்னொரு சூட்சுமம்: விண்டோஸ் 10-ஐ 'ஷட்டவுன்' செய்தால் அது பல கணினிகளில் முழுசாகத் தூங்குவதில்லை, அரைத்தூக்கம்தான். 'ரீஸ்டார்ட்' கொடுத்துவிட்டு விசையைத் தட்டினால் வேலை சுலபம்.

நாலாவது முயற்சியில் நீல நிறத் திரை வந்தது. வாத்தியார் கை தட்டினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், உள்ளே இருப்பது எதையும் தொடாமல் பென்டிரைவிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பெண் பார்க்கப் போவது மாதிரி. பிடித்தால் பேசலாம், இல்லையென்றால் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒலி வந்தது, கேமரா வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. இதற்கும் ஒரு வழி கிடைத்தது. கைபேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் போனின் இணையம் கணினிக்கு வருகிறது. நிறுவிய பிறகு அந்த வழியாகவே வைஃபைக்கு வேண்டிய துணை நிரலையும் இறக்கிக்கொண்டேன்.

அடுத்து நிறுவல். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதே என்று, மொழியைக் கேட்டபோது ஆசையாகப் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் எதிரில் நிற்பது போல எல்லாக் கேள்வியும் 'வூ' போட்டு மரியாதையாக வந்தது. 'எஃபாசே ல திஸ்க்', அதாவது வட்டை அழி என்கிற இடத்தில் மட்டும் கை நின்றது. அலமாரியைத் திறந்து சிவப்பு நாடா இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். எந்த வட்டு என்பதையும் அளவை வைத்துச் சரிபார்த்தேன். ஏனென்றால் பட்டியலில் பென்டிரைவும் ஒரு வட்டாகத்தான் நிற்கும். பிறகு அழுத்தினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது.

வினை எங்கே என்றால், பிரெஞ்சு மொழியோடு பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பும் கூடவே வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. நம் விசைப்பலகையில் 'க்யூ' இருக்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஏ' இருக்கும். 'டபிள்யூ' இடத்தில் 'இஸட்'. 'எம்' இருக்கும் இடத்தில் காற்புள்ளி. கடவுச்சொல் தட்டும்போது திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும். எனக்குத் தெரியாமலே வேறு ஒரு சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டேன். உள்ளே போய்க் கடிதம் எழுத ஆரம்பித்ததும் எழுத்து மாறுவதைப் பார்த்து, என் கணக்குக்கு மட்டும் விசைப்பலகையை நம் ஊர் அமைப்புக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் வேடிக்கை. வாசலில் நுழையும்போது ஏற்றுக்கொள்கிற கடவுச்சொல்லை, உள்ளே புது மென்பொருள் போடப் போனால் தப்பு என்கிறது. வாசலில் பிரெஞ்சு விசைப்பலகை, உள்ளே ஆங்கில விசைப்பலகை. ஒரே விரல், இரண்டு எழுத்து!

வாத்தியார் திரும்ப முதலிலிருந்து போடலாம் என்றார். எனக்கு என் மாமா ஞாபகம் வந்தார். அவர் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். சிறுவயதில் அங்கே போனால் அவருடைய பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில் என் பெயரை அடித்துப் பார்க்க விடுவார். ஒரு தாளில் அந்த வரிசையை வரைந்தேன். அதன் கீழே நம் வரிசையை எழுதினேன். என் கடவுச்சொல் உண்மையில் என்னவாகப் பதிவாகியிருக்கும் என்று எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்துத் தட்டினேன். திறந்தது. பிறகு கணினி முழுமைக்கும் விசைப்பலகையை மாற்றி, புதுக் கடவுச்சொல்லும் வைத்தேன். அறுபது வருஷத்துக்கு முன் விளையாட்டாகப் பழகியது எங்கேயோ பயன்பட்டது. பழையது எதையும் அவசரப்பட்டு வீசாதீர்கள் என்று சொல்ல வேறு உதாரணம் தேவையில்லை.

இப்போது சின்னப் பெட்டி ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. 32 ஜிபியில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. கடிதம், கணக்கு எழுத லிப்ரெ ஆபீஸ் கூடவே வருகிறது. படம் பார்க்க விஎல்சி, 1996-ல் பாரீஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்தில் பிறந்தது. தமிழ்99 விசைப்பலகை உண்டு, ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கும் வழி உண்டு.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி நினைவகம் 2 ஜிபிதான். உலாவி முதல் தடவை திறக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறந்தால் திணறும், இரண்டு மூன்று என்றால் ஓடும். பழைய அச்சுப்பொறி எல்லாமே ஒத்துவரும் என்று உறுதி சொல்ல முடியாது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். நம் ஆட்களுக்கு முக்கியமான உயிர்வாழ் சான்றிதழைக் கைரேகைக் கருவி வைத்துக் கணினியில் கொடுத்துவந்தவர்கள் உண்டு. இப்போது அதை ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம் என்பதால் அந்தக் கவலை இல்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நண்பர்கள் 'செர்த்திஃபிகா தெ வி' படிவத்தை இதில் தாராளமாக இறக்கி அச்சிடலாம்.

"இதெல்லாம் உமக்கு எதற்கு, போன் போதாதா, 32 ஆயிரம் கொடுத்தால் தலைவலி இல்லையே" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவரவர் வசதி. புதிது வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. கண் மங்கியவருக்கு போன் திரை போதாது என்பதும், நாலு பக்கக் கடிதத்தைக் கட்டை விரலால் எழுத முடியாது என்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். என் வாதம் வேறு.

ஒரு அரசாங்க நாற்காலியைக் கழிக்க நோட், பரிசோதனை, கையெழுத்து என்று இத்தனை இருந்தது. ஜனங்களின் வரிப்பணம் என்பதால் அந்தக் கவனம். நம் வீட்டுச் சாமான் நம் சொந்தப் பணம். அதை மட்டும் எங்கேயோ இருக்கிற ஒருவர் தேதி குறித்து, நேரில் பார்க்காமலே கண்டெம் செய்தால், நாம் ஏன் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டும்? தூக்கிப் போட்ட கணினி மாயமாக மறைந்துவிடுவதில்லை. ஈயமும் மற்ற உலோகமும் கொண்ட குப்பையாக எங்கேயோ யாரோ ஒருவர் வெறும் கையால் பிரிக்கும்படி போய்ச் சேர்கிறது.

இது என்னைப் போன்ற வேலையற்ற கிழவரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிரான்சின் ழாந்தார்மெரி, நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே ழாந்தார்ம்கள்தான், முதலில் ஓப்பன் ஆபீஸுக்கு மாறி, 2008-லிருந்து படிப்படியாகத் தங்கள் கணினிகளையே லினக்ஸின் உபுண்டு ரகத்துக்கு மாற்றினார்கள். ஒரு தேசத்தின் காவல் படைக்குப் போதுமானது, என் பென்ஷன் கணக்குக்குப் போதாதா?

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது இன்னொன்று. "உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் சின்னப் பெட்டியைப் பற்றிக் கடைப் பையன் சொன்னதும் இதேதான்: இனி புதுசு எதுவும் ஏறாது. நமக்கும் இந்த வயதில் வேகம் குறைவுதான். ஒரே நேரத்தில் பத்து வேலை ஓடாது. ஆனால் தாங்கக்கூடிய சுமையைக் கொடுத்தால் ஓடத்தான் செய்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம். போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். முதலில் நகல் எடுங்கள், இரண்டாக. ஒரு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் தாராளமாகக் கண்டெம் செய்யுங்கள், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அலமாரியில் இருந்த சிவப்பு நாடா பென்டிரைவ் ஒன்றைப் பிரித்து, எல்லாவற்றையும் சின்னப் பெட்டியில் திரும்ப ஏற்றிவிட்டேன். போன ஞாயிறு பேரனுக்குத் திரையில் அவனுடைய பாட்டியின் மீன் குழம்புக் குறிப்பைக் காட்டினேன். ஆங்கில எழுத்தில் இருந்ததால் அவனே வாய்விட்டுப் படித்தான். இன்னொரு நகல் நாடா பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. குமாஸ்தா புத்தி, போகாது.